இரண்டு பொட்டலக் கன்றுக்குட்டி

லொல்கோரியன் சந்தையில் மெபுக்கோரிக் கிழவரைப் பார்த்து யாரும் நலம் விசாரிப்பதில்லை. விசாரித்தால் அன்றைய பொழுது போயிற்று. வீடு எப்படி இருக்கிறது என்றால் மழைக்கு ஒதுங்க ஒரு பொந்து என்பார். அந்தப் பொந்தின் ஒரு கோடியில் இருமினால் மறு கோடிக்குக் கேட்பதற்குள் இருமல் நின்றுவிடும். பிள்ளைகள் என்றால் ஏதோ ரெண்டு மூணு என்பார். அந்த ரெண்டு மூணுக்காகவே பள்ளிக்கூடத்தில் இன்னொரு வகுப்பறை கட்டினார்கள். மாடுகளைப் பற்றிக் கேட்டால் முகமே சுருங்கிவிடும். "மாடா? நாலஞ்சு ஆடு கெடக்கு. அதுவும் நொண்டி." அந்த நொண்டி ஆடுகள் காலையில் மாரா ஆற்றில் வாய் வைத்தால், கீழ்க்கரைக்காரர்கள் மத்தியானம் வரை செருப்பு நனையாமல் ஆற்றைக் கடக்கலாம்.

இதையெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. மாசாய் மேய்ப்பர்களில் தன் மாட்டை எண்ணுகிறவன் கிடையாது, புகழ்கிறவனும் கிடையாது. எண்ணினால் குறையும். புகழ்ந்தால் கண் படும். மேலே இருக்கிற தெய்வம் எங்காயின் காதில் விழுந்துவிட்டால், இவ்வளவு இருக்கிறதா என்று அவள் ஒன்றைக் கேட்டாலும் கேட்பாள். சாயங்காலம் பட்டி வாசலில் நின்று பார்ப்பார்கள். ஒரு நிறம் குறைந்தால் மனசுக்கே தெரிந்துவிடும். வாய் தவறி எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், சொன்ன வாயாலேயே அதன்மேல் துப்பிவிட வேண்டும். எல்லோரும் செய்கிறதுதான். மற்றவர்கள் ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள், மெபுக்கோரி நிறுத்த மாட்டார்.

அவர் மிக அதிகமாகச் சிறுமைப்படுத்தியது முகியேயை. முகியே அவருடைய மந்தையின் பொலிகாளை. கருஞ்சிவப்பு நிறம். அது தும்மினால் அக்கரை நீர்யானைகள் எழுந்து வழிவிடும். அதன் நிழலில் ஒரு கல்யாணக் கூட்டமே உட்கார்ந்து தேநீர் குடித்ததாகச் சொல்வார்கள். இரண்டு பேர் வெயிலில் இருந்தார்களாம், அவர்கள் தாமதமாக வந்தவர்கள். மெபுக்கோரியைக் கேட்டால் முழங்கால் உயரத்துக்குக் கையைக் காட்டுவார். "கன்னுக்குட்டிதான். வளரவே மாட்டேங்குது."

முகியேயை உண்மையிலேயே கன்றாக இருந்தபோது கொடுத்தவர் தும்பெஸ். இருவரும் ஒரே வயதுப் பருவத்தில் வீரர்களாகத் திரிந்து, ஒரே பருவத்தில் கிழவர்களானவர்கள். மாடு கொடுத்து வாங்கிக்கொண்டவர்கள் அதன்பின் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பகிதெங் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆறு வருஷமாக இவர் அவருக்குப் பகிதெங், அவர் இவருக்குப் பகிதெங். தான் கொடுத்த கன்று வளரவேயில்லை என்று ஆறு வருஷமாகச் சந்தைதோறும் கேட்டுக்கொண்டிருந்ததும் தும்பெஸ்தான். சிரித்துக்கொள்வார், மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை கூடப் போட்டுக்கொள்வார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மேட்டுப் புல் தீர்ந்ததும் மந்தைகளை ஆற்றோரப் புதர்க்காட்டுக்கு இறக்கினார்கள். அங்கே புல் உண்டு. ரத்தம் குடிக்கிற செட்சி ஈயும் உண்டு. அது கடித்தால் துணி தைக்கிற ஊசி குத்தியது மாதிரி இருக்கும். கடிக்கிறபோதே கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியை மாட்டின் ரத்தத்தில் விட்டுவிட்டுப் போகும்.

ஒரு மாதத்தில் முகியே பின்தங்கியது. எப்போதும் மந்தைக்கு முன்னால் போகிற காளை, கிழட்டுப் பசுக்களுக்கும் பின்னால் வந்தது. மயிர் சிலிர்த்து நின்றது, கண்ணில் நீர் வடிந்தது, தோள்பட்டைக்கு முன்னால் கழலை புடைத்தது. மெபுக்கோரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்த நோயில் தன் தகப்பனாரின் பாதி மந்தை போனதைப் பார்த்தவர் அவர். முகியே போனால் அந்த வருஷக் கன்றுகளோடு அதன் வம்சம் நின்றுவிடும். அன்றைக்கு அவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார்.

மறுநாள் சந்தைக்குப் போனார். அங்கே கால்நடை மருந்துக் கடை வைத்திருப்பவள் ரெசியாட்டோ. மாட்டு வைத்தியம் படித்தவள். மெபுக்கோரியோடு ஒரே பருவத்தில் வீரரான ஒருவரின் மகள், அதனால் அந்தப் பருவத்துக்காரர் எல்லோரும் அவளுக்கு அப்பா. அவள் தலையைக் குனிந்து கொடுக்க, அவர் அதைத் தொட்டு ஆசீர்வதித்தார். விஷயத்தைச் சொன்னார். அவள் மஞ்சள் பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டே மாடு எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்டாள். கடையில் வேறு நான்கு பேர் நின்றார்கள். மெபுக்கோரியின் கை தானாக முழங்காலுக்குப் போனது.

அவளுக்கு முகியேயைத் தெரியாதா? அது சந்தைப் பக்கம் வந்தால் கடைக்குள் வெளிச்சம் குறையும். ஆனால் நான்கு பேர் எதிரில் ஒருவருடைய காளை பெரியது என்று சொல்ல, நல்லபடி வளர்ந்த பெண் யாரும் வாயைத் திறக்க மாட்டாள். அவள் ஒரு பொட்டலத்தை அவர் கையில் வைத்து, ஒரு பொட்டலம் முந்நூறு கிலோவுக்கு, மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்குங்க என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

யோசிக்கத்தான் செய்தார். மருந்தை நீரில் கலக்கினார்; மஞ்சள் தண்ணீர் மாதிரி வந்தது. முகியேயைப் பிடித்துக்கொள்ள அண்டைப் பட்டிகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஊசிக்குழலில் மருந்தை ஏற்றினார். பாதி ஏறியதும் தலை நிமிர்ந்தார். எல்லாக் கண்களும் குழல்மேல் இருந்தன. முழுப் பொட்டலத்தையும் ஏற்றினால் இது முந்நூறு கிலோ என்று ஊர் நடுவில் சொன்ன மாதிரி. அதற்கு மேல் ஏற்றினால் கொட்டு அடித்துச் சொன்ன மாதிரி. பாதியோடு நிறுத்திக் குத்தினார். மீதியை, பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற ஒரு கிடாரிக்குப் போட்டார். அதற்கு எந்த நோயும் இல்லை, அப்புறமும் இல்லை.

முகியே தேறியது. பத்து நாள் நன்றாக மேய்ந்தது. மூன்றாவது வாரம் மறுபடி கண்ணில் நீர். மெபுக்கோரி மறுபடி கடைக்குப் போனார். இந்தத் தடவை கை முழங்காலுக்கும் கீழே போனது, நோயில் இளைத்துவிட்டதாம். மறுபடி ஒரு பொட்டலம், மறுபடி பாதி, கிடாரிக்கு மறுபடி ஒரு குத்து. இரண்டாம் தடவை காளை தேறியிருந்தது நாலே நாள்தான். அப்புறம் படுத்தது. எழுப்பினால் எழுந்தது, விட்டால் படுத்தது.

அன்று ரெசியாட்டோவே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். தும்பெஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் காளையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். சுற்றி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மெபுக்கோரியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எவ்வளவு மருந்து போனது என்று தணிந்த குரலில் கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பா, பாதி மருந்துல கிருமி சாகாது. மருந்தை ருசி பார்த்துப் பழகிக்கும். ரெண்டு தடவை பழகியாச்சு. இன்னிக்கும் குறைச்சுப் போட்டா, அப்புறம் இந்தப் பொடியை மூட்டையாக் கொட்டினாலும் அதுக்குக் கேக்காது. இன்னிக்கு விட்டா முகியே இல்லப்பா."

பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்தாள். மாட்டின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தால் எடையைக் காட்டுகிற நாடா அது. மெபுக்கோரி அதை ஏதோ பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அளக்குறதும் எண்ணுறதும் ஒண்ணுதான் பொண்ணு. என் பட்டிக்குள்ள வேணாம்."

"அளக்காம நான் எவ்வளவு கலக்குறது?"

"கன்னுக்குட்டிக்கு எவ்வளவோ அவ்வளவு."

அதற்குள் ஊர்க் கிழவர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இன்னொருவனுடைய காளையின் அளவை வாயால் சொல்லிவிட்டு, அது செத்தால் பழியை யார் சுமப்பது?

அப்போதுதான் தும்பெஸ் வந்தார். தனியாக வரவில்லை. கயிற்றில் ஒரு ஆடு. ஆடு என்று சொன்னால் ஆடுகள் கோபித்துக்கொள்ளும். ஒரு காது இல்லை, முதுகு எலும்பில் சட்டை காயப்போடலாம், நடக்கும்போது பின்கால்கள் இரண்டும் வேறு ஊருக்குப் போகப் பார்த்தன. அதை மெபுக்கோரியின் முன்னால் நிறுத்தி, கயிற்றை அவர் கையில் வைத்தார்.

"பகிதெங், எனக்கு மனசு கேக்கல."

"என்ன?"

"ஆறு வருஷம் முன்னாடி உனக்கு ஒரு கன்னு குடுத்தேன். அது வளரவேயில்லைன்னு சந்தைக்குச் சந்தை சொல்றே. குத்தம் உன்மேல இல்ல, என் மாட்டு வம்சத்துல. உனக்குப் போய் இப்படி ஒரு சவலையைக் குடுத்துட்டேனே. அதை நானே திருப்பி எடுத்துக்கறேன். பதிலுக்கு இந்த ஆடு. உன் கன்னுக்கு இது ஜாஸ்திதான், இருந்தாலும் பகிதெங் ஆச்சே."

கிழவர்கள் போர்வையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் நியாயம்தான் என்றார். இன்னொருவர், ஆட்டுக்கு இன்னொரு காது இருந்திருந்தால் தும்பெஸுக்கு நஷ்டமாகியிருக்கும் என்றார். மெபுக்கோரி கயிற்றைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். ஆடு அவர் போர்வையின் நுனியை மெல்ல ஆரம்பித்தது. தும்பெஸ் போய் முகியேயின் கொம்பில் கையை வைத்து, வா குட்டி வீட்டுக்குப் போகலாம் என்று கொஞ்சினார்.

மெபுக்கோரிக்குள் ஆறு வருஷமாக, இல்லை, பிறந்ததிலிருந்தே கட்டி வைத்திருந்த அணை உடைந்தது.

"கையை எடுடா. குட்டியா? இதுவா குட்டி? இதோட கழுத்துக்கு ஈடா உன் பட்டியில ஒரு மாடு உண்டா? போன மழைக்கு ஆத்துல வண்டி மாட்டிக்கிட்டப்ப இழுத்துப் போட்டது யாரு, உன் ஒத்தைக் காது ஆடா? ஆறு பேர் கைகோத்தாலும் இதோட நெஞ்சைச் சுத்த முடியாது. அறுநூறு கிலோடா. நோயில கெடந்தும் அறுநூறு கிலோ."

அத்தோடு நிற்கவில்லை. கொம்புக்குக் கொஞ்ச நேரம், திமிலுக்குக் கொஞ்ச நேரம், வாலுக்குத் தனியாக. முகியேயின் கன்றுகள் எந்தெந்தப் பட்டியில் என்னென்ன நிறத்தில் நிற்கின்றன என்று மூன்று மலை தாண்டி வரிசையாகச் சொன்னார். மர நிழல் நகர்ந்து கிழவர்கள் வெயிலுக்கு வந்தார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு முகியேயே தலையைத் தூக்கிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவர் வால் பக்கம் போய்ச் சேர்ந்தபோது, ரெசியாட்டோ நாடாவைக் காளையின் நெஞ்சைச் சுற்றிப் போட்டு எடுத்துப் பையில் வைத்துவிட்டிருந்தாள். நாடா காட்டிய எடையை யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பொட்டலங்களைக் கிழித்தாள், கலக்கினாள், ஒரே இடத்தில் போடாமல் மூன்று இடத்தில் பிரித்து ஆழமாகக் குத்தினாள்.

காலி உறைகள் இரண்டையும் பார்த்த பிறகுதான் மெபுக்கோரிக்குத் தான் செய்தது உறைத்தது. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை, எல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கும்.

"துப்புங்க" என்றார். "எல்லாரும் துப்புங்க."

துப்பினார்கள். புகையிலை போட்ட வாய், போடாத வாய் எல்லாம் துப்பின. தும்பெஸ் இரண்டு தடவை துப்பினார். அந்த வருஷம் முகியேயின் முதுகு முதலில் நனைந்தது மழையில் இல்லை.

அதற்குப் பிறகு மெபுக்கோரி சரியாகத் தூங்கவில்லை. பகலெல்லாம் காளையின் காதருகே உட்கார்ந்து, நீ எலி, நீ பெருக்கான், உன்னைப் போய் யார் கேட்பார்கள் என்று எங்காய்க்குக் கேட்கிற குரலில் திட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைக் காது ஆடு பக்கத்தில் நின்று அவர் போர்வையில் பாதியைத் தின்று முடித்தது. இரண்டாவது வாரம் கண்ணீர் நின்றது. அவர் நம்பவில்லை, முன்பும் நின்றதுதானே. மூன்றாவது வாரம்தான் பழைய தடவைகளில் விழுந்த வாரம். அந்த வாரம் அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அது கழிந்தது. நாலாவது வாரத்தில் ஒரு காலை, அடுத்த பட்டியில் ஒரு பசு குரல் கொடுக்க, முகியே முள்வேலியைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் அதன் ஊடாகவே போனது. வேலியில் காளை அளவுக்கு ஒரு வாசல் விழுந்தது. அந்த வாசலை இன்றுவரை அடைக்கவில்லை. இரண்டு மந்தைகள் பக்கம் பக்கமாக அதில் நுழைகின்றன.

அடுத்த சந்தை நாளில் மெபுக்கோரி ரெசியாட்டோவின் கடைக்குப் போனார். கூட்டம் இருந்தது. தலையைக் குனிந்து ஆசி வாங்கிக்கொண்டு, அவள் நல்ல பிள்ளையாகக் கேட்டாள்.

"முகியே எப்படிப்பா இருக்கான்?"

"அதுவா? கன்னுக்குட்டிதான்" என்றார் அவர். கை முழங்காலுக்குப் போனது.

"எத்தனை பொட்டலக் கன்னுக்குட்டிப்பா?"

மெபுக்கோரி வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். ஆடு தின்றது போக மிஞ்சிய போர்வைக்கு அடியிலிருந்து இரண்டு விரல்களை நீட்டி, அவளுக்கு மட்டும் காட்டி, உடனே உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு ஓரமாகத் திரும்பித் துப்பினார்.

அவருக்குப் பின்னால் நின்ற கிழவரின் முறை வந்தது. அவருடைய பசுவுக்கும் அதே நோய்தான். பசு எவ்வளவு பெரிசு என்று கேட்டதும் அவர் கையும் முழங்காலுக்குப் போயிற்று, ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போர்வைக்கு அடியிலிருந்தும் ஒரு விரல் நீண்டது.