பால் கொடுத்த நாள்

என் மகளை வீட்டில் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவள் அப்பா வைத்த பெயர். யார் எதை நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இதுல பால் இருக்கா?" என்று கேட்பாள். பிஸ்கட்டானாலும் சரி, மிட்டாயானாலும் சரி, விசாரணை முடியாமல் வாய் திறக்காது. ஐந்து வயது. பால் உள்ளே போனால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும், மூச்சு இழுக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை நீலம் பாரித்து என் மடியில் கிடந்தாள். அதனால் பேச்சு புரிய ஆரம்பித்ததுமே சொல்லி வைத்தேன்: "பால் உனக்கு விஷம்." பச்சைக் குழந்தையிடம் போய் விஷம் என்று சொல்லலாமா என்று கேட்ட நாத்தனாரிடம், "வேற வார்த்தை இருந்தா நீங்களே சொல்லிக் குடுங்க" என்றேன். ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர்.

மழலைப் பள்ளியில் சாப்பாட்டு நேரத்துக்கு அவளுக்குத் தனி மேசை. பாதுகாப்புக்காம். நல்லதுதான், குறை சொல்லவில்லை. நான் ஒரு தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். ஒருநாள் அங்கே மின்சாரம் போய்ச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நேராகப் பள்ளிக்குப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் கூச்சலும் கும்மாளமுமாக இருக்க, இவள் டிபன் பாக்ஸ் மூடியை எதிரே நிமிர்த்தி வைத்து, அதில் தெரிந்த தன் முகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "முன்னைக்கு இப்ப குறைஞ்சிருக்கு. இங்க வெச்சு, ஒரு சொட்டுல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக் குடுத்துப் பார்க்கலாம். உடம்பு ஏத்துக்கிட்டா அவ எல்லாரோடவும் உக்காந்து சாப்பிடலாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் நான் தலைகீழாக நின்றாலும் ஒப்புக்கொள்வதாக இல்லை. பரிசோதனை அன்று காலையிலும் சண்டை.

"இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?"

"நீங்க அந்த ஜன்னல் வழியா பார்க்கலை."

"அவளுக்கு ஒண்ணுன்னா உன்னை மன்னிக்கவே மாட்டேன், பார்த்துக்க."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

எங்கே போகிறோம் என்று அவளிடம் சொல்லவில்லை. முன்கூட்டியே சொல்லிப் பயமுறுத்துவானேன் என்று இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரி அறையில் நர்ஸ் ஒரு தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்ததும் கை தானாகப் பின்னால் போனது.

"இதுல பால் இருக்கா?"

"பாலேதான் கண்ணு" என்று நர்ஸ் சிரித்தாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நர்ஸை அல்ல, என்னை.

"நீதானேம்மா விஷம்னு சொன்ன?"

"அது அப்போ. இப்ப டாக்டர் பக்கத்துலயே இருக்காங்கல்ல. ஒண்ணும் ஆகாதுடா."

அவள் கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

அவளை மடியில் இழுத்து வைத்து ஏதேதோ சொன்னேன். ரத்தம், பரிசோதனை, பள்ளிக்கூடம், பெரிய மேசை. ஐந்து வயதுக்கு அதெல்லாம் எங்கே ஏறப்போகிறது? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க வேணாம். நீ குடு" என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். என் கையாலேயே அந்தச் சொட்டை விட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. காத்திருந்து கால் ஸ்பூன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாழாய்ப்போன தனி மேசையை மனசுக்குள் உடைத்து அடுப்பில்கூட வைத்துவிட்டேன்.

அடுத்த கிண்ணம் குடித்த கொஞ்ச நேரத்தில் வாயைப் புறங்கையால் தேய்த்தாள். பிறகு கழுத்தை. பிறகு இருமினாள். டாக்டரம்மா ஓடிவந்து தொடையில் ஊசி போட்டார். முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். அவள் அழவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு சீரான பிறகு டாக்டரம்மா என் தோளில் கை வைத்து, "பயப்படாதீங்கம்மா. இப்படி ஆனா சமாளிக்கத்தானே இங்க வெச்சுக் குடுத்தோம். ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பப் பார்க்கலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் எதுவும் காதில் ஏறவில்லை.

போன் பண்ணியதும் என் வீட்டுக்காரர் சீருடையோடு ஓடிவந்தார். கதவருகே நின்று முதலில் மகளைப் பார்த்தார், அப்புறம் என்னை. வாங்கிக்கட்டிக்கொள்ள நான் தயாராக இருந்தேன். திட்டினால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். வீங்கிய உதட்டோடு வார்த்தை குழறியது.

"அப்பா, அம்மாவைத் திட்டாத. அம்மா குடுக்கல. நானேதான் எடுத்துக் குடிச்சேன்."

சொல்லிவிட்டு, நான் பிடித்திருந்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தூக்கச் சொல்லி அவரிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.