அத்தை போட்ட சங்கிலி

விஷ்ணுப்ரியா காட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறைக்கு வந்தாள். குளித்து, சேலை கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினாள். உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். கிள்ளானைத் தாண்டிப் போய், இறங்கித் திரும்பி வந்தாள்.

பகாங் காட்டில் திருட்டு வேட்டைக்காரர்கள் வைக்கும் கம்பிக் கண்ணிகளைத் தேடி அறுக்கும் குழுவில் அவளுக்கு வேலை. அறுத்த இடத்திலேயே சில நாளில் புதுக் கண்ணி இருக்கும். இந்த முறை ஒரு கண்ணியில் புலியின் முன்பாதம் மட்டும் கிடந்தது. இரத்தத் தடத்தைப் பிடித்துப் போனார்கள். ஓடையோடு தடம் முடிந்தது. இதை யாரிடமும் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

கிள்ளானில் அண்ணன் பரமேஸ்வரன் வீட்டில் குழந்தைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிட்டார்கள். இரண்டு முறை கலைந்த பிறகு தங்கிய பிள்ளை. கூடம் நிறைய ஆட்கள்.

"வந்துட்டா அத்தக்காரி," என்றார் பக்கத்து வீட்டு சீதாலெட்சுமி ஆன்டி. "ஏம்மா, புலிக்குப் பசியாற குடுத்துட்டு வரியா?"

"புலி இருந்தாத்தான ஆன்டி குடுக்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

குழந்தையின் கழுத்தில் முதல் நகையை அத்தைதான் போட வேண்டும். அவள் வாங்கிக் கொண்டுவர வேண்டிய நகை. காட்டிலிருந்து கடைக்குப் போக முடியாது. "என் பேர்ல நீயே வாங்கிரு" என்று அண்ணனிடம் போனில் சொல்லியிருந்தாள். என்ன வாங்குகிறாய் என்று கேட்கவில்லை.

பரமேஸ்வரன் ஒரு சிவப்புப் பெட்டியை அவள் கையில் வைத்தான்.

"தொறந்து பாரு. ஷாக் ஆயிருவ."

தங்கச் சங்கிலி. அதில் பூண் கட்டிய புலிநகம்.

"தூக்கத்துல திடுக்கு திடுக்குன்னு முழிக்கிறான் பிரியா," என்றாள் அண்ணி குமுதா. குழந்தை அவள் மடியில் கிடந்தது. "புலிநகம் போட்டா பயம் அண்டாதாம். ஒங்க அண்ணன்தான் சொன்னாரு, அவளுக்குப் புலின்னா உசுரு, அவ கையாலயே போடட்டும்னு."

குமுதாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

புலிநகம் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக், இல்லையென்றால் மாட்டுக் கொம்பு. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி விஷ்ணுப்ரியா நகத்தை வெளிச்சத்தில் திருப்பினாள். ஓரத்தில் மெல்லிய ஏடுகள் உரிந்திருந்தன. கண்ணியில் கிடந்த பாதத்திலும் நகங்கள் இப்படித்தான் இருந்தன.

"இது நெசம்ணே."

"பின்ன? ஒனக்குப் போயி டூப்ளிகேட் வாங்குவனா? செராஸ்ல ஒருத்தன்கிட்ட. ஈசியா கெடைக்காது லா."

"வச்சிருந்தாலே கேஸ்."

"புடிக்கிற ஆளே நம்ம வீட்லதான் இருக்கு. வேற யாரு வரப் போறா?"

மறுபடியும் சிரிப்பு. கற்பூரம் எரிந்து அணைந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

விஷ்ணுப்ரியா நகம் கோத்திருந்த வளையத்தைப் பல்லால் நெம்பி நகத்தைக் கழற்றினாள். வெறும் சங்கிலியைக் குழந்தையின் கழுத்தில் போட்டாள்.



"நல்ல நாளும் அதுவுமா," என்று சீதாலெட்சுமி ஆன்டி முணுமுணுத்தார்.

குமுதாவின் குரல் உயரவில்லை. "அது செத்து எத்தன நாளாச்சோ. நீ கழட்டிட்டா எழுந்து வருமா?"

"வராது அண்ணி."

"அப்புறம்?"

"நாம வாங்கினா இன்னொரு கண்ணி வைப்பான்."

பள்ளிகளில், கூட்டங்களில், பலமுறை சொன்ன வாக்கியம். இங்கே சின்னதாகக் கேட்டது.

"இவன் திடுக்கிட்டு அழுதா யாரு பாக்கறது? நீயா? நீதான் காட்டுல கெடப்பியே."

விஷ்ணுப்ரியா நகத்தை டிஷ்யூவில் சுற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். வந்தவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். பாயசம் பாதி மிஞ்சியது.

பரமேஸ்வரன் வெளியே கார் அருகில் நின்றான். அவளும் போய் நின்றாள்.

"நகத்த வனவிலங்கு ஆபீஸ்ல குடுத்துருவியா?"

"குடுக்கணும்ணே."

"காட்டுல கெடந்துச்சுன்னு சொல்லேன்."

"சொல்லலாம். அந்த ஆளு நாளைக்கும் விப்பான்."

"என்னையும்ல புடிப்பாங்க."

"தெரியல. என் பேர்லதான் வாங்கின. அதையும் சொல்லிர்றேன்."

"என்னான்னு? அத்த மொறன்னா?" சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "ஒனக்குப் புடிக்கும்னு நெனச்சேன் பிரியா."

"தெரியும்ணே."

உள்ளே குழந்தை வீறிட்டது. விஷ்ணுப்ரியா உள்ளே போனாள். குமுதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"போ. நீயே பாரு."

விஷ்ணுப்ரியா சேலைத் தொட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே கைவிட்டுக் குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். அழுகை தணிந்தது. கையை எடுத்தாள். பிள்ளை திடுக்கிட்டு இரண்டு கைகளையும் விரித்தான். மறுபடி வைத்தாள். அவளுடைய கண்கள் தாமாகவே மூடின. கையை எடுக்கவில்லை.

பரமேஸ்வரன் வந்து கதவருகில் நின்றான். மனைவியைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்?"

"ஆபீஸ் தொறந்ததும்."

"நானும் வரேன். வித்தவன் நம்பர் என் போன்லதான் இருக்கு."

குமுதா எழுந்து சமையலறைக்குள் போனாள். பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள்.