ஒன்பதாம் கோப்பை

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனி. ஏலத்துக்கு முன் தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்வது என் வேலை. நீள மேசையில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். கரண்டி ஆளுக்கொன்று, கோப்பை எல்லோருக்கும் பொது. ஒருவர் உறிஞ்சித் துப்பிவிட்டு நகர, அடுத்தவர் அதே கோப்பையில் கரண்டியை விடுவார்.

பதினைந்து வருஷமாக முதல் ஆள் நான்தான். மாதம் தவறாமல் வாய்ப்புண் என்ற சனியனும் கூடவே இருந்தது. 2001 ஜூனில் என் நாக்கு நுனியில் இருந்ததை, மேசையில் எனக்கு அடுத்துச் சுவைக்கும் சுப்புராஜ் பார்த்துத் தொலைத்தான். ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று முதலாளி வெங்கிடாசலத்திடம் போய் ஊதிவிட்டான், பாவி. டாக்டர் சீட்டு இல்லாமல் மேசைப் பக்கம் வராதே என்றார் அவர். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. பயந்து போனேன்.

எறணாகுளத்தில் டாக்டர் அம்பிளி பொறுமையாகச் சொன்னார். "உடம்பைக் காக்கிற சில புரதங்கள் ரத்தத்துல உண்டு. அதுகளே உங்க வாயைத் தாக்குதோன்னு சந்தேகம். ஆராய்ச்சி நடக்குது."

"நிச்சயம்னு எழுதுங்க டாக்டர். என் பிழைப்பு இதுல இருக்கு."

"ஒட்டாதுன்னு நிச்சயமா எழுதறேன். காரணம் இதுவா இருக்கலாம்னுதான் எழுத முடியும்."

முதலாளி சீட்டில் அந்த 'இருக்கலாம்' மேலேயே விரலை வைத்தார். "டாக்டருக்கே தீர்ச்சையில்லையே, நிச்சயமில்லையே. நீ கடைசில நில்லு, பாண்டியராஜா."

திங்கட்கிழமை எல்லோரும் முடித்த பிறகு நான் உறிஞ்சினேன். ஒவ்வொரு கோப்பையும் புண்ணில் தீ வைத்தது. ஒன்பதாவதில் புகை வாடை. முன்னால் போன மூன்று பேரும் அதற்கு முதல் தரம் போட்டிருந்தார்கள்.

"ஒன்பது புகை பிடிச்சிருக்கு சார்."

"வாய்ப்புண்ணுல உனக்கு அப்படித் தோணுது," என்றான் சுப்புராஜ்.

"வேறெ ஒண்ணு போடு," என்றார் முதலாளி. தேநீர் போடும் ரஜிதா ஒன்பதின் மாதிரி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். தூள்கூட இல்லை. பதினொரு மணிக்குள் தரப்பட்டியல் ஏலத்துக்குப் போக வேண்டும். மணி பத்தே முக்கால்.

"சார், என் நாக்கு சொல்றது வேணும்னா, நான் தொட்ட கோப்பையை நீங்க தொடணும்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியை எடுத்தார், வைத்தார். கர்ச்சீப்பால் உதட்டைத் துடைத்தார். பிறகு ஒன்பதாம் கோப்பையில் விட்டு, சத்தமாக உறிஞ்சி, துப்பினார்.

"புகை உண்டு," என்றார். "பத்தாவது எடு. நான் பின்னால வர்றேன்."