சத்தியம் செய்யாதவள்

ஐந்தாம் படிவத்தில் படிக்கும் பதினேழு வயது மிஷேல், மலேசியாவின் செலண்டார் ஊர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் சக மாணவர் ஆதரவுக் குழுவில் இருந்தாள். மனம் உடைந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது, பிறகு கவுன்சலிங் ஆசிரியை பெரியநாயகியிடம் கூட்டிப் போவது, அதுதான் வேலை. வகுப்பில் பலருக்கு அது கேலிப்பொருள்.

அவளுடைய தோழி தேவிஸ்ரீ கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை. ஆசைப்பட்டு வாங்கிய பேட்மிண்டன் மட்டையை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஆசைப் பொருளை இப்படிக் கொடுத்துவிடுவது ஆபத்தின் அறிகுறி என்று குழுவில் சொல்லிக் கொடுத்திருந்தது மிஷேலுக்கு நினைவு வந்தது. திடலோரத்தில் அவளை உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

தேவிஸ்ரீ புல்லைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஆமாம் என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணு என்று மிஷேலின் கையை இறுகப் பிடித்தாள்.

"அந்தச் சத்தியம் மட்டும் பண்ண மாட்டேன். வா, டீச்சர்கிட்ட போவோம். நான் கூடவே இருக்கேன் லா."

தேவிஸ்ரீ திட்டினாள், அழுதாள். ஆனாலும் பிடித்த கையை விடாமல் நடந்தாள். அன்றே பெற்றோரை வரவழைத்தார் பெரியநாயகி. மலாக்காவில் மருத்துவரிடம் சிகிச்சை தொடங்கியது.

ஊர் வாய் சும்மா இருக்கவில்லை; தேவிஸ்ரீக்குப் பைத்தியம் என்று பேசியது. லாரி ஓட்டும் தேவிஸ்ரீயின் அப்பா காந்தன் கொதித்துப்போய்ப் பள்ளிக்கு வந்தார். மிஷேல் தப்பாகச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். ஒரு வார்த்தை சொல்லிவிடு, பிரச்சினை முடிந்தது என்றார் துணைத் தலைமையாசிரியர். பள்ளி கூப்பிட்டு வந்திருந்த மிஷேலின் அம்மா பிரிஜிட்கூடக் கண்ணால் கெஞ்சினாள்.

மிஷேல் எழுந்து நின்றாள்.

"கோவப்படுங்க அங்கிள். ஆனா மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கு இன்னொருத்தி அப்படி உட்கார்ந்திருந்தா, அவகிட்டயும் இதையேதான் கேட்பேன்."

அப்படியானால் குழுவிலிருந்து விலகிக்கொள் என்றார் துணைத் தலைமையாசிரியர். குழுவில் இல்லாவிட்டாலும் கேட்பேன் என்றாள் அவள். இவள் விலகினால் தானும் விலகுவதாகப் பெரியநாயகி அமைதியாகச் சொன்னார்.

காந்தனின் குரல் தணிந்தது. "அவ ஏன் என்கிட்ட சொல்லல?"

திட்டாமல் அவளிடமே கேளுங்கள் என்றார் பெரியநாயகி. காந்தன் மன்னிப்புப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. மிஷேலும் விலகவில்லை.

தேவிஸ்ரீ பள்ளிக்குத் திரும்பிய பிறகும் மிஷேலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகொரு மதியம் பஸ் நிறுத்தத்தில் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்மேல இன்னும் கோவந்தான்."

"இருக்கட்டும். திட்டு."

பஸ் வரும்வரை தேவிஸ்ரீ திட்டித் தீர்த்தாள். மிஷேல் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.