வால் இல்லாத முகவரி

தம்பியின் கடைவாய்ப்பல் ஒரு வாரமாக இரவு பகல் பாராமல் குடைந்துகொண்டிருந்தது. அக்காவோ பல் டாக்டர். போதாக்குறைக்கு இன்றைக்குத்தான் சொந்தக் கிளினிக் திறக்கிறாள்.

"கதவு திறக்கிறதுக்குள்ள வெப்சைட் ஓடணும். ஓடினா உன் பல்லை விட்டுடறேன். இல்லைன்னா அந்த நாற்காலியில முதல் ஆள் நீதான்" என்று நேற்றே சொல்லியிருந்தாள். ஊசி என்றாலே காத தூரம் ஓடுகிறவன் அவன்.

வரவேற்பு மேஜையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருந்தான். பின்னால் ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டிக்கொண்டிருந்தார் அக்காவின் கணவர்.

"என்ன மச்சான், உன் டப்பா ஓடுதா?"

"டப்பா இல்ல மாமா, கன்டெய்னர். வெப்சைட்டைக் காட்டுற வெப் சர்வரை, அதுக்கு வேண்டிய சாமானோட ஒரே பெட்டியா கட்டிட்டா, எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓடும்."

"அதைத்தானே நானும் சொன்னேன்!"

ஓடியது. ஆனால் திரையில் வந்து இளித்தது, போன வாரம் சோதனைக்காக அவனே விளையாட்டாக எழுதிய வரி: 'எங்க டாக்டர் பல்லையும் பிடுங்குவார், பர்ஸையும் பிடுங்குவார்.'

யாரும் பார்ப்பதற்குள், ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னருக்குள்ளேயே புகுந்து அந்த வரியை அழித்தான். 'வலியில்லாத சிகிச்சை' என்று எழுதினான். அக்கா வந்து பார்த்தாள். மலர்ந்த முகம் உடனே சுருங்கியது.

"முகவரிக்குப் பின்னாடி என்னடா, 8080ன்னு ஒரு வால்? பல்வலியோட வர்றவன் இதையெல்லாம் அடிச்சுக்கிட்டிருப்பானா? வெட்டு!"

அந்த 8080 கன்டெய்னரின் வாசல் எண். வாலை வெட்டுவதென்றால் பழைய கன்டெய்னரை நீக்கிவிட்டு, முகவரியில் எண் கேட்காத வேறு வாசல் வைத்துப் புதிதாக ஒன்றைக் கிளப்ப வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் கிளப்பினான்.

"வால் போச்சு அக்கா! முகவரியை எல்லாருக்கும் அனுப்பிடு!"

அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் திரையைப் பார்த்தான்.

பர்ஸ் திரும்பி வந்திருந்தது!

திருத்தியது பழைய கன்டெய்னருக்குள். அதை நீக்கியபோது திருத்தமும் அதோடு போய்விட்டது. புதியதோ, போன வாரம் கட்டிவைத்த மூலப் பிரதியிலிருந்து, அந்தக் குறும்பும் மாறாமல் பிறந்து வந்திருக்கிறது.

மாமா எட்டிப் பார்த்தார். "டப்பாவைத் தூக்கிப் போட்டியே, உள்ள இருந்ததை எடுத்தியா மச்சான்?"

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. ஒரு கையில் கன்னம், மறு கையில் போன். வலியையும் மீறிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார் ஒரு பெரியவர்.

"முன்னாடியே எச்சரிச்சதுக்கு நன்றி டாக்டர். பர்ஸை வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டேன்."

அக்கா போனை வாங்கிப் படித்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கொஞ்சம் உட்காருங்க சார். உங்களுக்கு முன்னாடி அவசர கேஸ் ஒண்ணு இருக்கு."

நாற்காலி சாய்ந்தது. முகத்துக்கு நேரே விளக்கு. மடியில் லேப்டாப். இந்தத் தடவை வெப்சைட் பக்கத்தைக் கன்டெய்னருக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்து, கன்டெய்னர் அதை அங்கிருந்தே படித்துக்கொள்ளும்படி அமைத்தான். இனி எத்தனை கன்டெய்னர் போனாலும் பக்கம் போகாது. 'வலியில்லாத சிகிச்சை' திரையில் மின்னியது.

"அக்கா, அதான் சரியாயிடுச்சே..."

"ஆ காட்டு."

மாமா ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்தார்.

"நீ எழுதினதுதானே மச்சான்? நிஜமான்னு பார்த்துச் சொல்லு."