கட்டிலோரச் சுவர்

டீச்சர் கொத்தனாரை வரச்சொன்னதே அப்பாவின் அறையைப் பூசி வெள்ளையடிக்கத்தான். திங்கட்கிழமை அப்பா முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அவர் போனதும் அந்த அறை வேறு எதற்காவது உதவ வேண்டுமென்றால், முதலில் கட்டிலோரச் சுவரைச் சுரண்டி அந்த நெடியைப் போக்கியாக வேண்டும்.

"முதல்லயே சொல்லிடறேன், அருவருப்புப்படாதீங்க," என்று குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு வயசாச்சு. தூக்கக் கலக்கத்துல பாத்ரூம் வரைக்கும் போகாம, சுவரோரமாவே..." மிச்சத்தைக் கையால் சொன்னாள்.

சொல்லிச் சொல்லிப் பழகிப்போன கதை அது. அண்ணனிடம் சொன்னாள், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள், பள்ளிக்கூடத்து ஓய்வறையில்கூடச் சொல்லி நாலு பேரிடம் "ஐயோ பாவம், நீ எப்படித்தான் சமாளிக்கறியோ" வாங்கிக்கொண்டாள்.

அவளையும் ஒரேயடியாகத் திட்டிவிட முடியாது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் கறை, மூக்கைத் துளைக்கும் நெடி. அதுவும் மழை நாளில்தான் அதிகம். குளிருக்கு வயசானவர்கள் அடிக்கடி போவார்கள் என்று அவளே கூட்டிக் கழித்து விடை கண்டுபிடித்துவிட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா!

அப்பா முதலில் மறுத்துத்தான் பார்த்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், அடக்கிக்கொண்டு உட்காரத் தெரியாதவரா?

"நான் இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்போ யாருப்பா? நானா?"

ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டாள். மெத்தை மேல் ரப்பர் ஷீட் விரித்தாள். அந்த ஷீட் ஒரு நாள்கூட நனைந்ததில்லை. அதையாவது யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தாள்? போன மாதம் அவரே வந்து நின்றார். "எனக்கே தெரியாம நடக்குது போலம்மா. என்னை எங்கயாவது சேர்த்துடு. உனக்கும் நிம்மதி." கண் கலங்குவது போல் அவள் முகத்தை வைத்துக்கொண்டாள். உள்ளே அப்பாடா என்றுதான் இருந்தது. இருந்ததை இல்லையென்று சொல்வானேன்?

கொத்தனார் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். பூச்சு விட்டுப்போய் டொக் டொக்கென்றது. பூத்திருந்த வெள்ளை உப்பைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தட்டிக்கொண்டே போய்க் கட்டிலைத் தாண்டி பீரோவிடம் நின்றார்.

"இதை நகர்த்தணும் டீச்சர்."

"அது பத்துப் பன்னிரண்டு வருஷமா அங்கேயேதான் நிக்குது. அதுக்குப் பின்னாடி என்ன இருக்கப்போகுது?"

"ஒரு கை பிடிங்களேன்."

பிடித்தாள். பீரோ முனகிக்கொண்டே நகர்ந்தது. பின்னால், அதே முழங்கால் உயரத்தில், நூல் பிடித்த மாதிரி அதே கறை மூலை வரைக்கும் ஓடியிருந்தது. பூச்சு பொரிந்து தரையில் கொட்டிக் கிடந்தது.

கொத்தனார் சிரித்துவிட்டார். "உங்க அப்பா பீரோவுக்குப் பின்னாடி எப்படிப் போனாரு டீச்சர்? யானையைக் கட்டி வச்சாக்கூட இவ்வளவு நீளத்துக்கு நனைக்காதே. இது ஓதம். மழைத்தண்ணி."

வெளியே போய்ப் பார்த்தார்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆசை ஆசையாய்ச் செங்கல் தொட்டி கட்டி, மண் நிரப்பி, ரோஜா வைத்திருந்தாள். தண்ணீர் வீணாகக் கூடாதென்று மொட்டைமாடிக் குழாயையும் அதற்குள் திருப்பிவிட்டிருந்தாள்.

"மண்ணு எதுவரைக்கும் நிக்குது பாருங்க. உள்தரையை விட ஒரு முழம் மேல. மாடித் தண்ணி மொத்தமும் இதுக்குள்ள இறங்குது. செங்கல் சும்மா இருக்குமா? உறிஞ்சி உள்ள தள்ளிடுச்சு. அந்த நெடியெல்லாம் பூசணம். தொட்டியை எடுக்காம எத்தனை கோட்டு வெள்ளை அடிச்சாலும் தண்டம்."

டீச்சர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். தொட்டி கட்டிய வருஷம், கறை வந்த வருஷம். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. கொத்தனாரைச் சத்தமில்லாமல் தொட்டியை இடிக்கச் சொன்னால் போதும். திங்கட்கிழமை அப்பா அவர்பாட்டுக்குப் போய்விடுவார். அப்படியும் நினைத்தாளே, பெற்ற மகள்!

அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, தொட்டி, குழாய், பீரோ என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பேப்பரை மடிக்க மறந்து அவளையே பார்த்தார்.

"அப்போ நான் இல்லையா?"

"இல்லப்பா. ஒரு நாள்கூட நீங்க இல்ல."

"டாக்டர்கிட்ட தனியாப் போய் மாத்திரைகூட வாங்கிச் சாப்பிட்டேனேம்மா," என்றார். பேப்பரை மடித்து வைத்தார். "அண்ணனுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டாள். "அண்ணா, அந்தச் சுவர் விஷயம்... அப்பா இல்லண்ணா. நான் கட்டின தொட்டி. நான் சொன்னதெல்லாம் தப்பு."

"அடிப்பாவி," என்றான் அண்ணன். பிறகு பக்கத்து வீட்டு அக்கா. பிறகு ஓய்வறைத் தோழிகள், ஒவ்வொருவராக. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள். அப்பா ஒன்றையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போகாதீங்கப்பா," என்று அழுதுவிட்டாள். "மன்னிச்சிடுங்க. நான் இல்லத்துக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்."

"காலையில கதவைத் திறந்ததும் நீ சுவரைத்தான் முதல்ல பார்ப்பே. அப்புறந்தான் என்னைப் பார்ப்பே. ரெண்டு வருஷமா, தினமும்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "சுவர் காய எத்தனை நாள் ஆகுமாம்?"

வாசலுக்குப் போய்க் கொத்தனாரைக் கேட்டுவிட்டு வந்தாள். "மூணு மாசமாவது ஆகுமாம்பா. தொட்டியை எடுத்தாலும் உள்ள ஊறின ஈரம் உடனே போகாதாம்."

"அப்போ அதுவரைக்கும் அங்க இருக்கேன். அப்புறம் கூப்பிட்டுப் பாரு."

வருவேன் என்று அவர் சொல்லவில்லை. வருவீங்களா என்று கேட்க அவளுக்கும் முகமில்லை.