சாய்வாக வெட்டிய மூலை

வீரய்யாவின் இடது காலில் இருந்த புண்ணிலிருந்து பனிமூட்டம் கிளம்பத் தொடங்கியது 2022 மாசி மாதத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிடுகிற நேரத்தில். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து அப்போது ஒன்பது வருஷம். தேயிலை மரம் மறுபடி துளிர்க்க அதை மொட்டையாக்குகிற கவ்வாத்து வெட்டும்போது கட்டை குத்திய காயம் ஆறாமல் டீக்கோப்பை வாய் அகலத்துக்குப் பெருத்திருந்தது. முதல்நாள் சோற்றுப்பானை ஆவி போல மெல்லிசாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளையும் மூடிவிட்டது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே பனி என்ன புதிதா? யாரும் கவனிக்கவில்லை. துவைத்துப் போட்ட சேலை நாலு நாளாகியும் காயாமல் கிடந்த பிறகுதான் மனைவி ராசம்மா புருஷன் காலில் இருந்த துணியை அவிழ்த்துப் பார்த்து, "அட நாசமாப் போக, இங்கேருந்துதான் வருது!" என்றாள்.

சனங்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்? சேலைகளை அடுத்த லயத்துக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டார்கள். அந்தக் கோடையில் மழை பொய்த்தபோது கணக்கப்பிள்ளை வீரய்யாவைக் கூப்பிட்டு, தேயிலைக் கன்று வளர்க்கிற தவறணையில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார். கன்று ஒன்றுகூட வாடவில்லை. கால்தான் வாடியது. அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, வருகிற சித்திரைக்குள் ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். செய்தி கேட்டு முதலில் வந்தவர் ஆண்டியப்பன், அதே வியாதியில் வலது காலைக் கொடுத்தவர். "ஒனக்கு எடது போகுது, எனக்கு வலது போச்சு. இனிமே ஒரு ஜோடி செருப்பு வாங்குனா ரெண்டு பேருக்கும் போதும் வீரய்யா" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராசம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

மகள் பிரியந்தி அழவில்லை. அவள் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் ஆராய்ச்சி மாணவி. தொழிற்சாலைகள் குப்பை என்று தள்ளும் தேயிலைக் குச்சியையும் கழிவுத்தூளையும் காரத்தில் வேகவைத்து, நார் பிரித்து, தேயிலைச் சாயத்தையே அதில் ஏற்றி, வெங்காயச் சருகு கனத்தில் ஒரு படலம் செய்திருந்தாள். ஆறாத புண்ணின் மேல் ஒட்டுவதற்கு. ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டில் அந்தப் படலம் கிருமிகளைச் சும்மா சொல்லக்கூடாது, துவம்சம் செய்தது. அடுத்தது மனிதரில் ஒட்டிப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் நோர்வூட் கடைவீதியில் ஓர் அறை எடுத்தது. இருபத்து நாலு பேர் முன்வந்தார்கள். பெற்ற தகப்பனுக்கு மகள் மருந்து போட்டுச் சோதிக்கக்கூடாது என்பது நெறிமுறைக் குழுவின் சட்டம். அதனால் வியாழக்கிழமைதோறும் கட்டு மாற்றுகிற வேலை தாதி பிரேமினிக்குப் போனது. பிரியந்திக்கு வருவதெல்லாம் இலக்கங்களும் படங்களும் கழற்றிய பழைய படலங்களும்தான். யார் எந்த இலக்கம் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. ஆனால் பதினேழாம் இலக்கத்தின் படங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று பனியாகவே வந்தன. தெரியாமல் எப்படி இருக்கும்!

நாலு மாதம் போனது. இருபத்து மூன்று பேரின் புண் இருந்த இடத்திலேயே நின்றது, இரண்டு பேருக்கு அடியில் சீழ்கூடக் கட்டியது. பதினேழு மட்டும் வாரத்துக்கு வாரம் சுருங்கியது. படம் எடுக்க முடியாததால் பிரேமினி கண்ணாடித்தாளை வைத்து விளிம்பை வரைந்து அனுப்பினாள். டீக்கோப்பை வாய் போத்தல் மூடியாகியிருந்தது. பேராசிரியர் கணக்கைப் பார்த்துவிட்டு, இருபத்து மூன்றோடு ஒத்துப்போகாத ஒன்று எங்கேயோ நடந்த பிழை, அதை எடுத்துவிடு என்றார். எடுத்தால் பதினேழுக்குப் படலம் நின்றுபோகும். சித்திரைக்கு இன்னும் ஐந்து மாதம்தான். பிரியந்தி ஆய்வுகூடத்துக்குப் போய், கழற்றிய படலங்களைப் பைபையாகக் கொட்டி, இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினேழின் படலங்கள் எல்லாவற்றிலும் கீழ்மூலை இல்லை. சாய்வாக, பிசிறு இல்லாமல், ஒரே இழுப்பில் வெட்டிய வெட்டு. மழைத்தண்ணீர் தங்காமல் வழிய வேண்டும் என்று தேயிலைக் கொப்பை வெட்டுகிற அதே சாய்வு. அந்த வெட்டைப் பார்த்துத்தான் அவள் வளர்ந்திருக்கிறாள். அன்றைக்கே ஹட்டன் பஸ் ஏறினாள்.

வீரய்யா தவறணையில் முக்காலியில் இருந்தார். இப்போதெல்லாம் பனி முழங்கால் உயரத்துக்குத்தான் வந்தது.

"அப்பா, மருந்துத் தாள வெட்டுனீங்களா?"

"நானா? இல்லையே."

"பொய் சொல்லாதீங்க. இந்த வெட்டு வேற யாரு கையிலயும் வராது."

பெருமையை அடக்கத் தெரியாத மனுஷன். மாட்டிக்கொண்டார். "அந்த நர்சுப் புள்ள நாலு பக்கமும் இறுக்கி ஒட்டி வுட்டுடுது. முழுசா மூடுனா எது உசுரோட இருக்கும்? முப்பத்தெட்டு வருசம் கவ்வாத்து வெட்டியிருக்கேன். மரத்த மொட்டையா வெட்டுனாலும் ஒரு கொப்ப வுட்டுத்தான் வைப்போம், அது மூச்சு வுடுறதுக்கு. தேயிலைக்கே அப்படின்னா, காலு என்ன பாவம் பண்ணுச்சு?"

பிரியந்திக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று வருஷ உழைப்பைக் கவ்வாத்துக் கத்தியால் அறுத்துவிட்டாரே என்று வாய்விட்டே கத்தினாள். கத்திக்கொண்டே கால் துணியை விலக்கினாள். குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தாள். வெட்டிய மூலை வழியாகத்தான் பனி மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது, உள்ளே சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தது.

நோயாளி தானாகப் படலத்தை வெட்டினார் என்று எழுதினால் அன்றைக்கே அவரை நீக்குவார்கள். அதுவும் சட்டம்தான். அன்று ராசம்மா மகளுக்குப் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ எழுதலேன்னா யாருக்குடி தெரியப்போகுது? அப்பாவுக்குக் காலு ஆறட்டுமே."

"எழுதலேன்னா அப்பா காலு மட்டுந்தான்மா ஆறும். மத்த இருபத்து மூணு பேரு?"

எழுதினாள். ஒன்றையும் மறைக்காமல், கத்தியின் நீளம் உட்பட எழுதினாள். பதினேழை நீக்கக்கூடாது, மற்றவர்களுக்கும் கீழ்மூலையைச் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும் என்றும் கேட்டாள். காரணம் என்ற இடத்தில் "கவ்வாத்து" என்று எழுதியிருந்தாள். குழு திருப்பி அனுப்பியது. மறுபடி எழுதினாள், மறுபடியும் திரும்பியது. இதற்கிடையில் வீரய்யாவுக்குப் படலம் நிறுத்தப்பட்டது. இரண்டே வாரத்தில் பனி இடுப்பளவுக்கு ஏறியது. தகப்பனுக்கு இரண்டு காலும் வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். மூன்றாம் தரம் கடிதம் அனுப்பவில்லை, அப்பாவையே கூட்டிக்கொண்டு போனாள்.

ஏழு பேர் கொண்ட குழு அது. நீளமான மேசை, மூடிய யன்னல்கள், குளிர்சாதனம். வீரய்யாவை ஒரு கதிரையில் உட்கார வைத்து, காலை இன்னொரு கதிரையில் வைக்கச் சொன்னார்கள். கட்டை அவிழ்த்த கால் மணித்தியாலத்தில் மண்டபம் முழுக்கப் பனி. தலைவி அம்மையாருக்குத் தன் முன்னால் இருந்த கோப்பு தெரியவில்லை. அவர் சிங்களத்தில் கேள்வி கேட்டார், வீரய்யா துரைமாரோடு பேசிப் பழகிய சிங்களத்தில் பதில் சொன்னார். பாதி நேரம் கவ்வாத்தைப் பற்றியே சொன்னார். பிரேமினி கண்ணாடித்தாள்களில் வரைந்து அனுப்பிய பதினேழு வாரத்து விளிம்புகளைப் பிரியந்தி மேசை நெடுகிலும் கைக்குக் கை கொடுத்தாள். ஒவ்வொருவரும் தாளை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கையை உயர்த்தச் சொன்னார் தலைவி. யார் கையும் யாருக்கும் தெரியவில்லை. சரி, வாயால் சொல்லுங்கள் என்றார். நாலு பேர் ஆம் என்றார்கள், மூன்று பேர் இருமிக்கொண்டே இல்லை என்றார்கள். அந்த முடிவு ஈரமான தாளில் பதிவாகியிருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து இருபத்து நாலு படலத்துக்கும் கீழ்மூலை வெட்டப்பட்டது. பங்குனி முடிவதற்குள் பத்தொன்பது பேருக்குப் புண் மூடத் தொடங்கியது. சித்திரையில் பெரிய டாக்டர் வீரய்யாவின் காலைத் தடவிப் பார்த்தார். கவ்வாத்து முடிந்த மரத்தில் வருகிற துளிர் நிறத்தில் தோல் வந்திருந்தது. ஓர் அரிசி அளவுக்கு மட்டும் துவாரம் விட்டிருந்தது, அதிலிருந்து நூல்போலப் பனி. ஒரு தையல் போட்டு அதையும் மூடிவிடவா என்று டாக்டர் கேட்டார்.

"அது இருக்கட்டும் சேர்" என்றாள் பிரியந்தி. அன்றைக்குத்தான் அவள் அழுதாள், ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்க, ஓவென்று.

வீரய்யா வருகிற வழியில் நோர்வூட்டில் மக்பூல் நானாவின் கடைக்குப் போனார். பிறகு இரண்டு காலாலும் நடந்து ஆண்டியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றார். ஆண்டியப்பன் அந்த இடது காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஜோடின்னு பேசுனோமே, ஏமாத்திட்டியேப்பா" என்றார்.

வீரய்யா பையிலிருந்து புதுச்செருப்பு ஒன்றை எடுத்து அவர் காலடியில் வைத்தார். இடதுகால் செருப்பு. "ரெண்டு ஜோடியா வாங்கிட்டேன். போட்டுப் பாரு, அளவு சரியான்னு." அதன் ஜோடியான வலதுகால் செருப்பு இன்றைக்கும் மக்பூல் நானாவின் கடையில் ஆணியில் தொங்குகிறது.

நோர்வூட் அறையில் இப்போது வாரத்துக்கு எண்பது பேர் வருகிறார்கள். அந்தப் படலம் ஒட்டிய எல்லாருக்கும் முதல் மூன்று நாள் வெட்டிய மூலை வழியாகக் கொஞ்சம் பனி வரும், பிறகு குறைந்துவிடும். பிரேமினி யன்னலைத் திறந்து வைப்பதோடு சரி. ஆய்வுக் கட்டுரையில் அதை "ஈரப்பத வெளியேற்றம்" என்று பிரியந்தி ஒரே வரியில் எழுதியிருக்கிறாள். வியாழக்கிழமைகளில் அந்த அறைக்கு முன்னால் இருக்கிற வளைவில் பஸ்காரர்கள் பகல் பத்து மணிக்கே லைட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். புதிதாக வந்த சாரதி யாராவது ஏன் என்று கேட்டால், கொண்டக்டர், "இன்னைக்குக் கட்டு மாத்துற நாளு" என்று சொல்லிவிட்டு டிக்கட் கிழிக்கிறார்.